நீ வழி சொல்லாத ஊர்

உன் அண்ணன் உயிரோடு இருக்கிறான். அது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் போன சித்திரையில் விடுப்பில் வந்தபோது, நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "கருமாதியைச் செஞ்சிடலாம்மா, எத்தனை காலத்துக்கு இப்படியே வச்சிருக்கிறது" என்று சொன்னாய். அதைச் சொல்லும்போது நீ கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தாய். உன் அண்ணி அஞ்சலை பின்கட்டில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். அலசுகிற சத்தம் சட்டென்று நின்றது. நான் கேட்டேன். நீயும் கேட்டாய். கேட்டும், வெயில் அதிகமாக இருக்கிறது, ஒரு ஃபேன் வாங்கி மாட்டலாம் என்று பேச்சை மாற்றினாய்.

அதற்குப் பிறகு நான் எழுதியதற்கெல்லாம், உடம்பைப் பார்த்துக்கொள் என்று பதில் போட்டாய். தபால் ஆபீஸில் காத்துக் கிடந்து டிரங்க் கால் போட்டேன். "லைன் சரியில்லம்மா" என்றாய். உன் குரல் எனக்கு அடுத்த வீட்டிலிருந்து பேசுகிற மாதிரிக் கேட்டது. இப்போது உங்கள் ஊர்த் தமிழ்க்காரர்கள் பொங்கலுக்கு மலர்ப் புத்தகம் போடுகிறார்களாம். அமெரிக்காவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஊரிலிருக்கும் பெற்றவர் யாராவது கடிதம் மாதிரி எழுதித் தரட்டும் என்று, அங்கிருந்து வந்திருக்கிற எதிர்வீட்டு முருகையனிடம் கேட்டிருக்கிறார்கள். அவன் என்னிடம் கேட்டான். திரும்பிப் போகும்போது கையோடு எடுத்துப் போவான். அமெரிக்க ஊர்களைப் பற்றிப் புத்தி சொல்லப் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக் கிழவிக்கு என்ன தெரியும் என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். தெரியும். எழுதுகிறேன். நடுவில் உனக்கும் எனக்கும் உள்ளதையும் எழுதுவேன். தனியாக எழுதினால் நீ படித்துவிட்டு மடித்து வைக்கிறாய். நாலு பேர் படித்தால் ஒருவராவது உன்னை நிறுத்திக் கேட்பார்.

அங்கே உன் நண்பர்களிடம் "அம்மா கெஸ்ட் ஹவுஸ் நடத்தினாங்க" என்று சொல்லியிருக்கிறாய். நடத்தவில்லை. கூட்டினேன், கக்கூஸ் கழுவினேன், பிறகு சமைத்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டிய தெருவில், ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவி தன் வீட்டை விடுதியாக்கி வைத்திருந்தாள். அவளை நாங்கள் மதாம் என்போம். எழுபதுகளில் அந்த விடுதிக்கு அமெரிக்கப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தாடி, பாசிமணி, செருப்பில்லாத கால். சாந்தி தேடி வந்தோம் என்பார்கள். நம் குப்பத்துக்கும் வந்து, செருப்பு வாங்க வழியில்லாத நம் கால்களைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். நான் அவர்களுக்கு முட்டையும் ரொட்டியும் வைத்துவிட்டு நகராமல் நிற்பேன். மடத்துப் பள்ளியில் படித்த பிரெஞ்சும், அவர்களிடமே பொறுக்கிக்கொண்ட இங்கிலீஷும் கலந்து, "எந்த ஊர்?" என்று கேட்பேன். ஊரைச் சொன்னதும் அடுத்த கேள்வி: "அந்த ஊரில் கையில் ஒன்றும் இல்லாதவன் எங்கே தூங்குவான்? எங்கே சாப்பிடுவான்? பெயர் கேட்காமல் யார் வேலை கொடுப்பார்கள்?" முதலில் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்துச் சொல்லத் தொடங்குவார்கள். அமெரிக்கா எனக்கு அப்படித்தான் தெரியும். பின்வாசல் வழியாகத் தெரியும்.

எதற்காகக் கேட்டேன் என்பது உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. பிரெஞ்சுக்காரன் இந்த ஊரைக் கைமாற்றிக் கொடுத்தபோது, பிரெஞ்சுக் குடியாகவே இருக்க ஆசைப்படுகிறவர்கள் வந்து கையெழுத்துப் போடலாம் என்றார்கள். உன் அப்பா மில் தொழிலாளி, செங்கொடி பிடித்தவர். "நாம தொரத்தினவனுக்கே போய்க் கையெழுத்துப் போடறதா?" என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டார். உன் அண்ணன் ரத்தினம் போய்ப் போட்டான். "ஒரே பாயில ரெண்டு தேசம் படுத்திருக்குது" என்று உன் அப்பா அன்றைக்குச் சிரித்தார். கையெழுத்துப் போட்டவனுக்குக் கல்யாணச் சந்தையில் வந்த மவுசு நீ அறியமாட்டாய். அவன் வேலை வெட்டி இல்லாதவனாக இருக்கலாம். பிரெஞ்சு கார்டு இருந்தால் போதும், பெண்ணைப் பாரீஸில் குடிவைப்பான் என்று பெற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். வீராம்பட்டினத்திலிருந்து அஞ்சலையை அப்படித்தான் கொடுத்தார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் அண்ணனுக்குப் பாரீஸ் கிடைக்கவில்லை, மார்செய் துறைமுகத்துச் சரக்குக் கப்பலில் சமையல் எடுபிடி வேலைதான் கிடைத்தது. போனான், வந்தான். கடைசியாகப் போனபோது அவன் மகள் கோமதி தவழ்ந்துகொண்டிருந்தாள். பிறகு கப்பல் ஏஜெண்டிடமிருந்து ஓர் ஆள் வந்தான். நியூ ஆர்லியன்ஸ் என்கிற அமெரிக்கத் துறைமுகத்தில் ரத்தினம் கரையில் இறங்கினானாம், கப்பல் கிளம்பும்போது திரும்பவில்லையாம். "செத்துட்டானா?" என்று உன் அப்பா கேட்டார். "வரலைன்னுதான் எழுதியிருக்கு" என்றான் அவன். அந்த 'வரலை'யில்தான் இந்த வீடு இத்தனை வருஷமாக நின்றுகொண்டிருக்கிறது.

சரி, ஊர்களுக்கு வருகிறேன். நியூயார்க்கில் பாதாள ரயிலில் எல்லாப் பெட்டியும் நிறைந்திருக்க ஒரு பெட்டி மட்டும் காலியாக வந்தால் அதில் ஏறக்கூடாது. காலியாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும், அது உள்ளே போனபிறகுதான் தெரியும். புரூக்ளின் பெண் ஒருத்தி சொன்னது இது. வெளியூர் பஸ் வந்து நிற்கும் இடத்தில் வலிய வந்து பெட்டி தூக்குகிறவனிடம் பெட்டியைக் கொடுக்காதே. வானத்தைத் தொடும் கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்காதே. புதுசு என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். குளிர்காலத்தில் தெருவிலிருக்கும் இரும்புக் கம்பி மூடிகளிலிருந்து ஆவி வரும். வீடில்லாதவர்கள் அதன்மேல் அட்டையை விரித்துப் படுத்திருப்பார்கள். அவர்களைப் பார்க்காமல் நடந்துபோ என்றுதான் எல்லோரும் உனக்குச் சொல்லியிருப்பார்கள். நான் பார்த்து நடக்கச் சொன்னேன். நீ முதன்முதலாக விமானம் ஏறின அன்று மீனம்பாக்கத்தில் வைத்து நான் சொன்ன ஒரே புத்திமதி அதுதான். "முகத்தைப் பார்த்து நட, ஏழுமலை." நீ தலையாட்டினாய்.

சிகாகோவில் ஒரு ஏரி இருக்கிறது. அலை அடிக்கும், கரை தெரியாது, ஆனால் உப்பு வாடை இருக்காது. கடலென்று கண் நம்பும், மூக்கு நம்பாது என்று அந்த ஊர்ப் பையன் ஒருவன் சொன்னான். அந்த ஏரியிலிருந்து வருகிற காற்றுக்குக் காதை மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் முதலில் எரியும், பிறகு வலிக்கும், பிறகு ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாமல் போகும்போதுதான் பயப்பட வேண்டும். அதே பையன், "ஊரின் தெற்குப் பக்கம் மட்டும் போகக்கூடாது, அங்கே கறுப்பர்கள் இருக்கிறார்கள்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் போகாதீர்கள் என்று மதாம் தன் விருந்தாளிகளுக்குச் சொல்வதும் இதே குரலில்தான். இந்தப் பக்கம் இருப்பது நான். என் கையால் முட்டை தின்றுகொண்டே எனக்கு அதைச் சொன்னான். அதனால் புதிதாக வரும் பிள்ளைகளே, போகாதே என்று அவர்கள் சொல்கிற பக்கத்தில்தான் உங்கள் நிறத்தவன் கூச்சமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடுகிற கடை இருக்கும். பகலில் போய்ப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ போகிறவர்கள் ஆடி மாதம் அங்கே வெயில்காலமென்று வெறும் சட்டையோடு போகாதீர்கள், பனிமூட்டம் இறங்கிப் பல் கிட்டும். அங்கே சீனர் தெருவில் வயிறு நிறையச் சோறு கிடைக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் கார் இல்லாதவன் மனிதனே இல்லை, பஸ்ஸில் வேலைக்காரப் பெண்கள்தான் போவார்கள். வழி கேட்பதானால் அவர்களைக் கேளுங்கள், ஊர் முழுவதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

சின்சினாட்டி என்று ஓர் ஊர். அதைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அங்கிருந்து வந்த ஒருத்தியைத்தான் தெரியும். அவளுடைய பையன் நம் ஊருக்கு வந்து காணாமல் போய்விட்டான். அவள் கடல் தாண்டி வந்து மதாம் விடுதியில் தங்கினாள். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். ஊரே அவளுக்காக ஓடியது. ஜீப் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், குப்பத்தில் வீடு வீடாகப் புகுந்து பையனின் படத்தைக் காட்டினார்கள். நம் வீட்டுக்கும் வந்து பானையைத் தூக்கிப் பார்த்தார்கள். அமெரிக்கக்காரன் நம் பானைக்குள் இருப்பானா என்று உன் அப்பா கேட்டதற்கு அடிக்கக் கை ஓங்கினான் ஒரு போலீஸ்காரன். அந்த வாரமே திருவண்ணாமலையில் ஒரு சாமியாரோடு உட்கார்ந்திருந்த பையனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவன் குளித்து, சாப்பிட்டு, தாயின் மடியில் தலைவைத்துப் படுத்ததை நான் தட்டு எடுக்கப் போனபோது பார்த்தேன். அன்றைக்கு நான் அவளிடம் ரத்தினத்தின் கல்யாணப் படத்தைக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஒரு தாய், எனக்குத் தெரியும் என்றாள். தேடுகிறேன் என்றாள். படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். அதோடு சரி. அவள் கெட்டவள் இல்லை. அவளுடைய மகன் காணாமல் போனால் அது ஊர்ப் பிரச்சினை, என் மகன் காணாமல் போனால் அது என் பிரச்சினை. அவ்வளவுதான். நம் வீட்டில் அவனுடைய வேறு படம் இல்லை. கோமதி தன் அப்பா முகத்தைப் பார்க்காமலே வளர்ந்தாள்.

உன்னைப் படிக்கவைத்தபோது எல்லோரும் சொன்னார்கள், மகன் அமெரிக்கா போய்ச் சம்பாதித்துக் கிழவியை மாடிவீட்டில் வைப்பான் என்று. நான் மறுத்துப் பேசவில்லை. உனக்கு ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி வேலை கிடைத்தபோது உலகப்படத்தை எடுத்துவரச் சொன்னேனே, எதற்கென்று நினைத்தாய்? விரலை வைத்துப் பார்த்தேன். ஹூஸ்டனுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நகம் அளவு இடம். காரில் போனால் அரை நாள் என்று நீயே பிறகு சொன்னாய். ஹூஸ்டனைப் பற்றி நீ எழுதியது எனக்கு மனப்பாடம்: அந்த ஊரில் யாரும் நடப்பதில்லை, நடக்கிறவனைத் திருடன் மாதிரிப் பார்ப்பார்கள், வீட்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து ஆபீசுக்கு, எல்லா இடத்திலும் குளிர்ச்சி, வெயில் என்பதே கண்ணாடிக்கு வெளியேதான். படித்துவிட்டு அஞ்சலை சொன்னாள்: "அப்போ அவரு அந்த ஊர்ல இருக்க மாட்டாரு அத்தை. அவருக்கு நடக்காம இருக்க முடியாது."

நியூ ஆர்லியன்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். அந்த ஊர்த் தெருக்களுக்கு நம் ஊர்த் தெருக்கள் மாதிரியே பிரெஞ்சுப் பெயர்கள். வீடுகளுக்கு நம் வெள்ளைக்காரத் தெருவில் இருப்பது போலவே மாடியில் இரும்புக் கம்பித் தடுப்பு, மரச் சன்னல். புழுக்கம் நம் சித்திரைப் புழுக்கம். காப்பியில் சிக்கரி கலந்து குடிக்கிறார்கள். ஆறு தெருவைவிட உயரத்தில் ஓடுகிறது. கரையில் நின்றால் கப்பல் தலைக்குமேல் போகிற மாதிரி இருக்குமாம். தோண்டினால் தண்ணீர் வருவதால் பிணத்தைப் புதைக்க முடியாமல் தரைக்கு மேலே சின்னச் சின்ன வீடு கட்டி உள்ளே வைக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னவள் அந்த ஊரிலேயே பிறந்த ஒரு கறுப்புப் பெண். விடுதிக்கு வந்தவர்களில் தன் தட்டைத் தானே கழுவி வைத்தவள் அவள் ஒருத்திதான். "எங்கள் ஊரில் பிரெஞ்சு பேசிக்கொண்டு சமைக்கத் தெரிந்தவன் வந்தால் யாரும் ஊர் பேர் கேட்கமாட்டார்கள், சமையல்கட்டில் சேர்த்துக்கொள்வார்கள். தேடினால் முன்னால் தேடாதீர்கள், சந்துகளில் தேடுங்கள்" என்றாள். அன்றிலிருந்து நான் அந்த ஊரில் நடந்துகொண்டிருக்கிறேன். கண்ணை மூடினால் போதும், நம் தெருவே அந்தத் தெருவாகிவிடும். ஒவ்வொரு சந்திலும் ஒரு கதவு திறக்கும், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒருவன் உள்ளே போவான். எப்போதும் உள்ளேதான் போவான். முதுகு மட்டும் தெரியும். கூப்பிட வாய் வராது. மீன் வாங்கக் கரைக்குப் போகும்போதும், மதாம் வீட்டுப் படியைத் துடைக்கும்போதும் அந்த முதுகு எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. பைத்தியம் என்று நீ நினைத்திருக்கலாம். அஞ்சலைக்கும் அது தெரிகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம்.

சித்திரையில் நீ வந்தபோது தெருவே கூடத்தில் வந்து உட்கார்ந்தது. வெளிநாடு போகத் துடிக்கிற பையன்கள் கேள்வி கேட்டார்கள், நீ எல்லா ஊருக்கும் வழி சொன்னாய். எந்த ஊரில் எந்தப் பஸ், எங்கே அரிசி கிடைக்கும், எங்கே ராத்திரி தனியாகப் போகக்கூடாது. உன்னைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அஞ்சலை தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்று கேட்டாள்: "நியூ ஆர்லியன்ஸ் எப்படி இருக்கும் தம்பி?" நீ சொம்பை எடுத்து முழுவதும் குடித்தாய். "அந்த ஊருக்கு நான் போனதில்ல அண்ணி. அங்க பாக்க ஒண்ணும் இல்ல. யாரும் போக வேணாம்" என்றாய். இருபது ஊருக்கு வழி சொன்னவன், அரை நாள் தூரத்தில் இருக்கிற ஊருக்குப் போனதே இல்லையாம். என் பிள்ளை பொய் சொல்லும்போது தண்ணீர் குடிப்பான் என்று எனக்கு அவன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே தெரியும்.

ஐப்பசியில் முருகையன் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தான். உன்னோடு அதே ஊரில் இருப்பவன், உன்னோடு ஒரே அறையில் இருந்தவன். பலகாரத் தட்டோடு நம் வீட்டுக்கு வந்தான். "நீயாவது நியூ ஆர்லியன்ஸ் போயிருக்கியாடா?" என்று கேட்டேன்.

"இன்னா பெரியம்மா, ஏழுமலை சொல்லலையா? அவன் சித்திரைக்கு இங்க வர்றதுக்கு முன்ன நாங்க சேர்ந்துதான போனோம். நான்தான் காரை ஓட்டினேன். என்னை ஒரு எடமும் பாக்க வுடல அவன். ஓட்டல் ஓட்டலா, அதுவும் பின்பக்கமா சுத்தினான். 'இன்னாடா, எச்சில் பொறுக்கப் போறியா'ன்னு கிண்டல் பண்ணேன்."

"அப்புறம்?"

"ஹூஸ்டனுக்குத் திரும்பற அன்னைக்கு ஒரு சந்துல காரை நிறுத்தச் சொன்னான். ஒரு ஆளு குப்பை வாளிய எடுத்துக்கிட்டு வெளிய வந்தாரு. ஏப்ரன் கட்டியிருந்தாரு, தலை நரைச்சிருந்திச்சி. நம்ம பக்கத்து ஆளு மாதிரிதான் இருந்தாரு. இவனைப் பாத்ததும் வாளியக் கீழ வச்சிட்டாரு. அப்புறம் அவரு படியில ஒக்காந்தாரு, இவனும் பக்கத்துல ஒக்காந்தான். இங்க நிறுத்தக்கூடாதுன்னு போலீஸ்காரன் வெரட்டினான், நான் ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். வந்து பாத்தா கதவு மூடியிருக்குது, இவன் மட்டும் கதவைப் பாத்துக்கிட்டு நிக்கறான். 'யார்ரா அது'ன்னேன். 'வழி கேட்டேன்'னான்." அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டான் முருகையன். "ஏன் பெரியம்மா, எதனா தப்பா சொல்லிட்டேனா?"

அவன்மேல் தப்பில்லை. ரத்தினம் போகும்போது அவன் அரைஞாண் கயிறோடு ஓடிக்கொண்டிருந்த குழந்தை; முகம் தெரியாது. உனக்குத் தெரியும். அந்தப் படியில் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் என்னால் நினைக்க முடியும். அவனுக்கு அங்கே ஒரு பெண் இருக்கலாம், பிள்ளைகள் இருக்கலாம். செத்துவிட்டேன் என்று சொல்லிவிடு தம்பி என்று கேட்டிருப்பான். அழுதிருப்பான். நீ இளகியிருப்பாய். அண்ணி தாங்கமாட்டாள், அம்மா தாங்கமாட்டாள், செத்தவனாகவே இருக்கட்டும், அதுதான் எல்லோருக்கும் நல்லது என்று ஹூஸ்டன் வரைக்கும் காரில் யோசித்துக்கொண்டே வந்திருப்பாய். ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு குப்பை வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண்ணை விதவையாக்கிவிட்டீர்கள். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிக்கொடுத்தார்கள், ஒரு வார்த்தை கேட்காமலே அறுக்கப் பார்க்கிறீர்கள்.

அறுப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. உன் அப்பா செத்தபோது ஆண்களோடு கொட்டகையில் உட்கார்ந்திருந்தாய். பின்பக்கத்தில் என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. எனக்குத் தலைநிறையப் பூ வைத்தார்கள், கை கொள்ளாமல் வளையல் போட்டார்கள், பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிய்த்தார்கள், உடைத்தார்கள். கட்டின பெண்கள் யாரும் என்னைப் பார்க்கக்கூடாது என்று சேலையை விரித்து மறைத்தார்கள். மறைத்துப் பிடித்தவள் என் கூடப் பிறந்த அக்கா. அவர் செத்தது எனக்குத் துக்கம். இது துக்கம் இல்லை, தண்டனை. அவர் செத்ததற்கு எனக்கு. அதையாவது செத்தவருக்காகச் செய்தார்கள். அஞ்சலைக்கு உயிரோடு இருக்கிறவனுக்காகச் செய்யப் போகிறார்கள்.

கோமதியைப் பெண் கேட்டிருக்கும் பிள்ளைச்சாவடிக்காரர்கள் நல்ல குடும்பம்தான். பையனும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். ஆனால் மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து கூடத்தில் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னதைக் கேள். "புருஷன் இருக்கிறவளா இல்லாதவளா, ஏதோ ஒரு பக்கம் நிக்கச் சொல்லுங்க. அப்பன்காரன் இருந்தா வந்து தாரை வார்க்கட்டும். இல்லையா, கடல்ல போனவங்களுக்குச் செய்யறோமே அதுமாதிரி தர்ப்பையில உருவம் கட்டிக் கொளுத்திட்டு, இந்தம்மா தாலிய எறக்கட்டும். ரெண்டும் இல்லாம பூ வச்சிக்கிட்டு மணவறையில வந்து நின்னா எங்க புள்ளைக்கு ஆவுமா?" மாசி மகம் முடிந்ததும் கருமாதி, பங்குனியில் கல்யாணம் என்று நாள் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். உருவத்துக்குப் போர்த்த ரத்தினத்தின் சட்டை ஒன்று வேண்டுமாம். நீ வந்து கொள்ளி வைக்க வேண்டுமாம். வருகிறேன் என்று நீ சம்மதம் சொல்லியிருக்கிறாய்.

அவர்கள் போனபிறகு நான் அஞ்சலையின் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். முருகையன் சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெற்றிலை எச்சிலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "முருகையன் பாத்தது யாரோ எவரோ அத்தை. தம்பி வாயால சொல்லட்டும். அவரு செத்திருந்தா நான் தாலிய எறக்க மாட்டேன். எந்த சாதிசனம் வந்தாலும் சரி. எனக்குப் புருஷனா இருந்து செத்தவரு, நான் போட்டுக்கிட்டே இருப்பேன். உயிரோட இருந்தா..." துணியைப் பிழிந்தாள். "உயிரோட இருந்தா எனக்கு எதுக்கு பொம்மை, எதுக்கு கொள்ளி? நானே கழட்டிக் கடல்ல வீசிட்டு, பூ வச்சிக்கிட்டு எம் பொண்ணு பக்கத்துல வந்து நிப்பேன். யாரு தடுக்கறாங்க பாக்கலாம்."

இதற்கு மேல் நான் என்ன எழுத. அவளுக்கு அவன் வேண்டாம். எனக்கு அவனைப் பார்க்க ஆசைதான், கோபம் அதைவிட அதிகம். ஆனால் வா என்று நான் அவனைக் கூப்பிடவில்லை. அவன் அங்கே சமைத்துக்கொண்டு, பிள்ளை பெற்றுக்கொண்டு, நன்றாக இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்பது உன்னிடம். எங்களைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாயே, அந்தக் காவல் எங்களுக்கு வேண்டாம். உண்மையைத் தாங்கமாட்டோம் என்று உனக்கு யார் சொன்னது? நாங்கள் தாங்கியது அந்த 'வரலை'யை. அதைவிடப் பெரிய பாரம் ஒன்று அமெரிக்காவில் இருந்தால் அனுப்பு, பார்க்கிறோம்.

நேற்று அச்சாபீஸ்காரர் வந்தார். பொங்கல் கூட்டம் வருவதற்குள் கல்யாணப் பத்திரிகையை அடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று எழுத்துக் கோத்துக்கொண்டிருக்கிறார். எல்லாம் முடிந்துவிட்டதாம். கோமதியின் பெயர், அதற்கு மேலே அவள் அப்பா பெயர். ரத்தினம் என்று கோத்துவிட்டார். அந்தப் பெயருக்கு முன்னால் 'திரு' போடுவதா, 'காலஞ்சென்ற' போடுவதா என்று வாசலில் நின்று கேட்டார். அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் இடம் விட்டு வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

எது போடட்டும்? சொல், ஏழுமலை.